நாண்ட்விச் போர் நடந்தது 1643-லா, 1644-லா?

இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் இந்த மோதலுக்கு உங்கள் குறிப்புகளில் ஒன்று 1643 ஜனவரி 25 என்றும், மற்றது 1644 ஜனவரி 25 என்றும் சொன்னாலும், இரண்டும் ஒரே நாளைத்தான் சொல்கின்றன. அன்றைய இங்கிலாந்தில் மார்ச் 25-இல்தான் ஆண்டு பிறக்கும். அதனால் ஜனவரி 25 பழைய கணக்கில் 1643, நம் கணக்கில் 1644. கட்டுரையில் 1643/4 என்று எழுதிவிடுங்கள். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளுக்கு மட்டுமே இந்தச் சிக்கல்.

நாளை மாற்றாதீர்கள். அன்றைய இங்கிலாந்தின் ஜூலியன் நாட்காட்டியை இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாற்றப் பத்து நாள் கூட்டினால் பிப்ரவரி 4 ஆகிவிடும்; ஆங்கில ஆவணம் எதோடும் ஒட்டாது.

பலர் சறுக்கும் இடம் வேறு: அதே ஊரில் ஓராண்டு முன்பு, நம் கணக்கில் 1643 ஜனவரி 28-இல், நாடாளுமன்றப் படைத்தளபதி பிரெரெட்டன் வென்ற மோதலும் உண்டு. நாடாளுமன்றத் தளபதி ஃபேர்ஃபாக்ஸ், மன்னர் தரப்புத் தளபதி பைரன், வெள்ளத்தில் வீவர் ஆற்றுப் பாலம் போனது, அருகிலுள்ள ஆக்டன் கிராமத்துத் தேவாலயம் என்று வந்தால் அது 1644-தான்.