கெர்ட்ரூட் அம்மாவை எப்பிடிக் கூப்பிடுறது?

தம்பி, பேர்லினுக்கு வந்து ரெண்டு மாதம், பக்கத்து வீட்டில தனிய இருக்கிற வயசான அம்மாவின்ர பெயர் கெர்ட்ரூட், இதென்ன பெயர், பெயர் சொல்லிக் கூப்பிடலாமோ எண்டு கேட்டிருந்தீர்.

கூப்பிடாதையும். கதவு மணியில இருக்கிற குடும்பப் பெயருக்கு முன்னால 'ஃபிரவ்' (திருமதி) போட்டு, 'ஸீ' (நீங்கள்) எண்டு மரியாதையாக் கதையும். 'டூ'வுக்கு (நீ) மாறுவம் எண்டு சொல்லுறது மூத்தவையின்ர உரிமை. 'ஓமா' எண்டும் சொல்லிப்போடாதையும். 86இல வந்த புதிசில, அம்மம்மா எண்டுற மாதிரித்தானே எண்டு நினைச்சு கீழ்வீட்டு அம்மாவை அப்பிடிக் கூப்பிட்டன். "எனக்குப் பேரப்பிள்ளையளே இல்லை" எண்டு கதவைச் சாத்திப்போட்டா. அவவும் ஒரு கெர்ட்ரூட்தான்.

பெயர் மிகப் பழசு. 'கேர்' எண்டால் ஈட்டி. எங்கட வேல் எண்டு வைச்சுக்கொள்ளும். பின்பாதிக்கு வலிமை எண்டு பொருள்; பிறகு வந்த சனம் அதைப் பிரியமானவள் எண்டுற 'ட்ரவுட்' எண்ட சொல்லோட சேர்த்தும் விளங்கிக்கொண்டுது. அந்தக் காலத்து ஜெர்மானியர் இப்பிடி ரெண்டு துண்டை ஒட்டித்தான் பெயர் வைச்சவை. கெர்ஹார்ட்டில இருக்கிறதும் அதே ஈட்டி, வால்ட்ரவுட்டில இருக்கிறது அதே பின்பாதி. பெண்பிள்ளைக்கு ஆயுதப் பெயரோ எண்டு யோசிப்பீர். ஹில்டெகார்ட்டில 'ஹில்ட்' எண்டால் சண்டையே! சொல்லேக்க கடைசி எழுத்து 'ட்' எண்டு அழுத்தமா விழும். வீட்டில ட்ரூட, கெர்ட்டி எண்டு சுருக்குவினம். இருபதாம் நூற்றாண்டின்ர தொடக்கத்தில தெருவுக்குத் தெரு இந்தப் பெயர்தான். இப்ப பிறக்கிற பிள்ளையளுக்கு ஆரும் வைக்கிறது அருமை.

பெயர் பரவினதுக்கு முக்கிய காரணம், இண்டைய பெல்ஜியத்தில நிவெல் எண்ட ஊர் மடத்துக்குத் தலைவியா இருந்து 659இல இறந்த புனித கெர்ட்ரூட். வழிப்போக்கருக்கும் தோட்டக்காரருக்கும் காவல். எலித் தொல்லைக்கும் அவவைத்தான் வேண்டுறது. அவவின்ர நாள் மார்ச் 17. தோட்டவேலை தொடங்குற நாள் எண்டு கமக்காரர் சொல்லுவினம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அதே கீழ்வீட்டு அம்மாதான். மூண்டு வருசத்துக்குப் பிறகு, நிலவறையில எலிப்பொறி வைக்க உதவிக்குக் கூப்பிட்டா. "இந்தப் பெயரையும் வைச்சுக்கொண்டு பொறிக்குக் காசு குடுக்க வேண்டிக் கிடக்கு" எண்டு சிரிச்சா. பிறகு கையைத் துடைச்சுப்போட்டு நீட்டினா: "நான் ட்ரூட."

நேரம் கிடைச்சால் ஷ்பிட்டல்மார்க்ட் ரயில் நிலையத்தில இறங்கி கெர்ட்ரவுடன் பாலத்துக்கு நடவும். 1896இல வைச்ச வெண்கலச் சிலை நிக்குது. புனிதை ஒரு வழிப்போக்கப் பொடியனுக்குக் குடிக்கக் குடுக்கிறா. அடியில எலியள் ஓடுது. உம்மட பக்கத்து வீட்டு அம்மாவோட கதைக்க அதே ஒரு சாட்டு.