தீர்ப்பாயத்தில் தோற்றால் டெல்லிதானா?

கேள்வி: தபால் துறையில் இருந்த என் கணவர் பணிக்காலத்திலேயே இறந்துவிட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கேட்டேன், துறை மறுத்தது. மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமும் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. இனி உச்ச நீதிமன்றம்தான் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். உயர் நீதிமன்றம் போக முடியாதா? முடியும் என்றால், நாளைக்கே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடைத்துவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 226, 227ஆம் பிரிவுகளின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்து செய்யக் கேட்கும் மனு, போடுங்கள். இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும்.

உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது ஒரு காலத்தில் உண்மைதான். நெருக்கடி நிலையின்போது, 1976இல், 42ஆவது திருத்தம் 323ஏ, 323பி பிரிவுகளைச் சேர்த்தது. தீர்ப்பாயங்கள் அமைத்து, உயர் நீதிமன்றங்களின் அதிகாரத்தை விலக்கலாம் என்றது. 1985ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம், 28ஆம் பிரிவில் அதைச் செய்தே விட்டது. 1986 டிசம்பரில் சம்பத்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதற்குச் சம்மதித்தது.

அப்போது நான் ஜூனியர். மாநிலத் தீர்ப்பாயத்தில் தோற்ற தாலுகா அலுவலக உதவியாளர் ஒருவர், இன்கிரிமென்ட் நிறுத்திய உத்தரவோடு எங்கள் சீனியரைப் பார்க்க வந்தார். டெல்லி வக்கீல் ஃபீஸ், ரயில் செலவு, தமிழ் ஆவணங்களை மொழிபெயர்க்கும் கூலி எல்லாவற்றையும் சீனியர் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினார். அவருக்கு வர வேண்டிய பணத்தைவிட அது அதிகம். கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

1997 மார்ச் 18 அன்று சந்திரகுமார் வழக்கில் தலைமை நீதிபதி அகமதி உள்ளிட்ட 7 நீதிபதிகள் அந்தத் தடையை ரத்து செய்தார்கள். தீர்ப்பாயம் முதலில் விசாரிக்கட்டும், அதன் முடிவை உயர் நீதிமன்றம் பரிசீலிக்கும் என்றார்கள். சாமானியருக்கு உச்ச நீதிமன்றம் செலவு பிடித்தது, எட்டாதது என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது.

சரி, மறுபடி திருத்தினால்? முடியாது. கேசவானந்த பாரதி வழக்கில் 1973இல் 13 நீதிபதிகள் அமர்வு, 7க்கு 6 என்ற கணக்கில், அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பில், அதாவது ஆதாரமான அம்சங்களில், கை வைக்கக் கூடாது என்றது. உயர் நீதிமன்றத்தின் நீதிப் புனராய்வு அதிகாரமும், அதாவது சட்டங்களும் உத்தரவுகளும் செல்லுமா என்று பரிசீலிக்கும் அதிகாரமும், அந்தக் கட்டமைப்பில் சேர்ந்தது என்று 1997 தீர்ப்பு உறுதி செய்தது. இரு அவைகளிலும் எத்தனை பேர் கை தூக்கினாலும் அதைப் பறிக்க முடியாது. 32ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போவது அடிப்படை உரிமைக்காக மட்டும்தான். 226 மற்றச் சட்ட உரிமைகளுக்கும் கைகொடுக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு 226தான் பெரிது என்பேன்.

ஆனால் ரிட் மனு என்பது அப்பீல் இல்லை. முழு வழக்கையும் முதலிலிருந்து விசாரிக்க மாட்டார்கள். தீர்ப்பாயம் சட்டத்தில் தவறியதா, முக்கியமான ஆவணத்தைப் பார்க்காமல் விட்டதா என்றே பார்ப்பார்கள். கருணை வேலைக்கு 5 சதவீத இடம்தான் என்று துறை சொல்லும். உங்கள் வருமானம், கடன், குழந்தைகள் படிப்பு இவற்றுக்கு என்ன மதிப்பெண் போட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி மனுவோடு சேருங்கள். ரிட்டுக்கு இத்தனை நாள் என்று சட்டம் வரையறுக்கவில்லை என்றாலும், ஏன் தாமதம் என்று நீதிபதி கேட்பார். அதனால் தீர்ப்பின் நகல் கைக்கு வந்ததும் கிளம்புங்கள். அப்புறம், பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பம் கொடுங்கள்.