கிளை கழிக்க எத்தனை ஆள் வேண்டும்?

கேள்வி: கோவையில் தோட்டப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். என்னிடம் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் தென்னை ஏறுவார். ஆடிக் காற்றுக்கு முன்னால் கிளைகளைக் கழித்துத் தரும்படி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்கிறார்கள். பின்பக்கம் இரண்டு பெரிய வேம்பு, சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு பெருங்கொன்றை, அப்புறம் பத்துத் தென்னை. பெருங்கொன்றையின் பாதிக் கிளைகள் தெருவுக்கு மேலே, மின்கம்பிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு பேர் போதும் என்கிறார் ஒருவர். ஆறு பேர் இல்லாமல் தொடாதே என்கிறார் இன்னொருவர். எத்தனை பேரை வைத்து விலை சொல்வது?

பதில்: மூன்று வகை மரத்துக்கும் மூன்று கணக்கு. மொத்தமாக 'நாலு ஆள், இரண்டு நாள்' என்று சொல்லிவிடாதீர்கள், பெருங்கொன்றையில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் குறைந்தபட்சம் என்ன என்று பார்ப்போம். மரத்தில் ஒருவர் இருந்தால் கீழே இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும். அந்தக் கீழ் ஆளுக்கும் மரம் ஏறத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மேலே இருப்பவர் ரம்பத்தில் கையை அறுத்துக்கொண்டாலோ, வெயிலில் மயங்கி பெல்ட்டில் தொங்கினாலோ, சில நிமிடங்களில் அவரை இறக்கியாக வேண்டும். நினைவில்லாமல் தொங்குகிறவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கும், உயிருக்கே ஆபத்து. தீயணைப்புத் துறைக்கு 101-இல் உடனே சொல்லத்தான் வேண்டும், ஆனால் வண்டி வரும்வரை அவர் தாங்கமாட்டார். அதனால் இன்னொரு கயிறும் இன்னொரு பெல்ட்டும் கீழே தயாராக இருக்கட்டும், அவற்றைப் போட்டுக்கொண்டு ஏறக்கூடியவரும் கூடவே நிற்கட்டும்.

உங்களிடம் ஏறுகிறவர் ஒருவர்தான். நான்கு பேர் இருந்தும், வேம்பில் கை வைக்க உங்களுக்கு ஓர் ஆள் குறைகிறது. உள்ளவர்களில் ஒருவரைப் பழக்குங்கள், அல்லது அந்த வேலைக்கு மட்டும் ஏறத் தெரிந்த ஒருவரைக் கூலிக்கு எடுங்கள். வெயில் காலத்தில் இருவரும் மாறி மாறி ஏறலாம் என்பது கூடுதல் லாபம். தென்னை ஏறுகிறவருக்கு வேம்பு தானாக வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். தென்னையில் நேராக ஏறி இறங்கினால் முடிந்தது. வேம்பில் தலைக்கு மேலே ஒரு நல்ல கவையில் கயிற்றைப் போட்டுக்கொண்டு, கிளையோடு பக்கவாட்டில் நகர்ந்து வெட்ட வேண்டும். அது வேறு பழக்கம்.

மற்றபடி எத்தனை ஆள் என்பதைத் தரைதான் சொல்லும். மேலே வெட்டுகிறவர் நான்கு நிமிடத்துக்கு ஒரு கிளை இறக்குகிறார் என்று வையுங்கள். அதை அவிழ்த்து, துண்டாக்கி, வண்டிவரை இழுத்துப் போட்டுத் திரும்பி வர ஒரு கையாளுக்கு எட்டு நிமிடம் ஆகிறதென்றால், இரண்டு கையாள் வேண்டும். வண்டி மரத்தடிக்கே வந்தால் ஒருவர் போதும். உங்கள் வேம்பு இருப்பதோ பின்பக்கம். வாசலில் வண்டி, நடுவில் வரிசையாகக் கார்கள் என்றால் மூன்று கையாள் இருந்தும் மேலே இருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பார். இடம் பார்க்கப் போகும்போது மரத்தின் உயரத்தோடு, வண்டி நிற்கும் இடம்வரை எத்தனை அடி என்பதையும் அளந்துகொள்ளுங்கள். கார்களை அன்றைக்கு வெளியே நிறுத்த சங்கத்தில் சொல்லி ஏற்பாடு செய்தாலே ஓர் ஆள் கூலி மிச்சம். டாடா ஏஸ் முக்கால் டன் அளவுக்குச் சுமக்கும், ஆனால் தழையோடு ஏற்றினால் எடை சேர்வதற்குள் இடம் தீர்ந்துவிடும். பக்கத்தில் ஆடு வளர்க்கிறவர்கள் இருந்தால் முந்தின நாளே சொல்லிவையுங்கள். வேப்பந்தழையை அவர்களே வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

கயிறு பிடிக்க நான்கு பேரை நிறுத்துகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. இதைவிட வீணான செலவு இந்தத் தொழிலில் இல்லை. கட்டி இறக்குகிற கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால், உராய்வே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒருவர் நின்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்தால் கிளை மெதுவாக இறங்கும். பட்டை தேயாமலிருக்க நடுவே கோணிச்சாக்கு வைக்கலாம். கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள். கயிறு பாய்ந்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

கட்டை தூக்குவதும் இப்படித்தான். 30 செ.மீ. விட்டமுள்ள பச்சைக் கட்டை ஒரு மீட்டர் நீளமே 60, 70 கிலோ வரும். இரண்டு பேர் தூக்கலாம். விட்டம் 60 செ.மீ. ஆனால் எடை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அதற்காக எட்டுப் பேரைக் கூப்பிடாமல், கால் மீட்டர் வில்லைகளாக அறுத்தால் ஒருவரே உருட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஆறு பேர் யோசனை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் கூலி மட்டுமில்லை. மரத்தடியில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை தலைகளைப் பற்றி மேலே இருப்பவர் கவலைப்பட வேண்டும். வெட்டு நடக்கும்போது கிளைக்கு அடியில் யாரும் கூடாது. அவர் 'வரலாம்' என்று சொன்ன பிறகுதான் கையாள் உள்ளே போக வேண்டும். மரத்தையே வெட்டிச் சாய்ப்பதென்றால் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் விலகி நிற்க வேண்டும். உங்களுடையது கவாத்து வேலைதான் என்பதால் அந்தக் கவலை இல்லை.

ஆக, வேம்புக்கு நான்கு பேர்: மேலே ஒருவர், கயிற்றடியில் ஏறத் தெரிந்த ஒருவர், இழுத்துப் போட இருவர். செயின்சாவைக் கீழே இயக்குவது அந்த இருவரில் பழகிய ஒருவர் மட்டும். முசுறு, குளவி, தேன்கூடு இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். மேலே போனபின் தெரிந்தால் நால்வர் கூலியும் தண்டம். தென்னைக்கு இரண்டு பேர் போதும். மட்டை கழித்து, காய் இறக்கி, கீழே யாரும் வராமல் பார்த்துக்கொண்டால் பத்து மரம் அரை நாளில் முடியும். அதே ஆளை அதே நாளில் வேம்பிலும் ஏற்றாதீர்கள், களைத்த கையில் ரம்பம் வேண்டாம்.

பெருங்கொன்றைதான் சிக்கல். சட்டென்று முறிகிற மரம் அது. அடிமரத்தை அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். பொந்துச் சத்தம் கேட்டாலோ, வேரடியில் காளான் முளைத்திருந்தாலோ ஆளை ஏற்றவே கூடாது. ஆளைத் தொட்டியில் நிறுத்தி உயர்த்துகிற பூம் லிஃப்ட் வண்டியை வாடகைக்கு எடுத்துத்தான் செய்ய வேண்டும். மரம் உறுதியாகவே இருந்தாலும் மின்கம்பி இருக்கிறது. பச்சைக் கிளை மின்சாரம் கடத்தும், கம்பியைத் தொடும் கிளையை மரக்கைப்பிடி அரிவாளால்கூட வெட்டக் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் லைனை நிறுத்தி, ஆள் வந்து உறுதி சொன்ன பிறகே வேலை. தெருப்பக்கம் இரு முனையிலும் வண்டிகளை மறிக்க ஆள் வேண்டும், அதற்குக் குடியிருப்பின் காவலாளிகளையே கேட்டு வாங்கலாம். கிடைக்காவிட்டால் உங்கள் எண்ணிக்கை அன்றைக்கு ஆறு. அந்த நண்பர் சொன்ன ஆறு இந்த ஒரு மரத்துக்கு மட்டும் சரி. மரம் சுவருக்கு உள்ளேயா வெளியேயா என்றும் பாருங்கள், வெளியே என்றால் மாநகராட்சி அனுமதி இல்லாமல் தொட முடியாது.

நாள் விஷயத்தில் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் ஊரில் ஆடிவரை காத்திருப்பதில்லை, ஜூனிலேயே ஆரம்பித்துவிடும். ஆடுகிற கிளையில் நிற்கிறவருக்குக் கீழே பத்துப் பேர் இருந்தும் பயனில்லை. மே மாதத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

விலைக் கடிதத்தில் வேம்பையும் தென்னையையும் ஆள் கணக்கில் போடுங்கள், எல்லோருக்கும் விபத்துக் காப்பீட்டுச் செலவையும் அதில் சேருங்கள். பெருங்கொன்றைக்குத் தனி வரி எழுதி, 'மின்வாரியம் லைன் நிறுத்தித் தரும் தேதியில்' என்று குறிப்பிடுங்கள். ஆள்கள் வந்து நின்றபின் தேதி தள்ளிப்போனால் அன்றைய கூலி யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.