ஹிதர், திதர், விதர்: உங்க கேள்விகளும் என் பதில்களும்

பழைய இங்கிலீஷ்ல திசை காட்டுற சொற்களைப் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, எல்லாத்துக்கும் சேர்த்து இங்கயே பதில் சொல்லிடறேன்.

கேள்வி: சார், காலேஜ்ல ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகம் ஓடுது. லேடி மேக்பெத் "ஹை தீ ஹிதர்"னு சொல்றாங்க. ஹிதர்னா ஹியர் தானே?

பதில்: இல்லம்மா. ஹியர்னா இருக்கிற இடம். ஹிதர்னா இந்தப் பக்கமா, அதுல ஒரு நகர்வு இருக்கணும். அந்த சீன்ல புருஷனோட லெட்டர்தான் வந்திருக்கு, ஆள் இன்னும் வழியில இருக்கான், சீக்கிரம் வந்து சேரு, உன் காதுல நான் ஊத்த வேண்டியது இருக்குன்னு தனியா நின்னு துடிக்கிறா. அங்க ஹியர்னு போட்டிருந்தா அந்த இழுப்பே வராது.

கேள்வி: இதே மாதிரி வேற என்னென்ன இருக்கு?

பதில்: மொத்தம் ஒன்பது. இருக்கிற இடத்துக்கு ஹியர், தேர், வேர். போற பக்கத்துக்கு ஹிதர், திதர், விதர். கிளம்பின இடத்துக்கு ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ். எனக்கு இந்த அமைப்பு அவ்ளோ பிடிக்கும். 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல யோவான் 8:14 எடுத்துப் பாருங்க, "வென்ஸ் ஐ கேம், அண்ட் விதர் ஐ கோ", எங்கிருந்து வந்தேன் எங்க போறேன்னு ரெண்டையும் ரெண்டே சொல்லுல முடிச்சிட்டாங்க. இப்ப அதையே சொல்லணும்னா ஃப்ரம் எல்லாம் ஒட்டி இழுக்கணும். ஜெர்மன்ல வோஹின், வோஹேர்னு இன்னிக்கும் தனித்தனியா வச்சிருக்காங்க.

கேள்வி: நாங்க மதுரைப் பக்கம், இங்கிட்டு வா அங்கிட்டு போன்னு சொல்லுவோம், அதுவா இது?

பதில்: கிட்டத்தட்ட அதேதான். எங்கிட்டு போறன்னா விதர், அவ்ளோதான்.

கேள்வி: பழைய ஸ்பெல்லிங்ல ஹிடர்னு பார்த்தேனே, பிரிண்டிங் மிஸ்டேக்கா?

பதில்: மிஸ்டேக் இல்ல, அதுதான் மூல உருவமே. ஃபாதர், மதர், வெதர் இதெல்லாமும் அந்தக் காலத்துல ட ஒலியோடதான் இருந்துச்சு, பின்னாடி 'அர்' வர்ற இடத்துல அது மெல்ல த ஆயிடுச்சு, அந்த மாத்தத்துல இதுவும் சேர்ந்து மாறிடுச்சு. ஹென்ஸ் கூட முன்னாடி ஹென்னெஸ்தான். கடைசில இருக்கிற ஸ், ஒன்ஸ், ட்வைஸ்ல வர்ற அதே ஸ்.

கேள்வி: "வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ"ன்னா ரோமியோ எங்க இருக்கேன்னு அர்த்தமா?

பதில்: கிடையாது. வேர்ஃபோர்னா எதுக்கு, ஏன். நீ ஏன் ரோமியோவா, அதாவது எதிரி வீட்டுப் பிள்ளையா இருக்கணும்னு ஜூலியட் கேக்குறா.

கேள்வி: அண்ணா, "ஃப்ரம் வென்ஸ்"னு எழுதினேன், தப்புன்னு மார்க் குறைச்சிட்டாங்க.

பதில்: வென்ஸ்லயே "இருந்து" இருக்கு, அதுக்கு மேல ஃப்ரம் எதுக்குங்கிறதுதான் அவங்க வாதம், சாமுவேல் ஜான்சனும் 1755 அகராதியில இதைத் திட்டித்தான் எழுதினார். ஆனா சங்கீதம் 121ல, நம்ம பைபிள்ல "ஒத்தாசை வரும் பர்வதங்கள்"னு வருதே, அந்த வரிக்கு கிங் ஜேம்ஸ்ல இருக்கிறது "ஃப்ரம் வென்ஸ்"தான். பெரிய பெரிய எழுத்தாளர்களே எழுதியிருக்காங்க, அதனால தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பரிட்சையில மட்டும் ஃப்ரம் இல்லாம எழுதிடுங்க.

கேள்வி: இவ்ளோ நல்ல சொல்லுங்க ஏன் வழக்கொழிஞ்சுது?

பதில்: கம், கோன்னு வினைச்சொல்லே நகர்வைச் சொல்லிடுதே, அப்புறம் பக்கத்துல ஹியர் இருந்தா போதும்னு ஜனங்க பேச்சுல விட்டுட்டாங்க. அதுலயும் முழுசா போகல. ஹிதர்டூன்னா இன்னிக்கு "இதுவரைக்கும்"னு காலத்தைத்தான் சொல்றோம், ஆனா யோபு 38:11ல கடவுள் கடலைப் பார்த்து "ஹிதர்டூ ஷால்ட் தௌ கம்"னு சொல்றார், இந்த எல்லை வரைக்கும் வா, இதுக்கு மேல வராதேன்னு. அங்க அது அசல் இடம், கரையில போட்ட கோடு. அந்த வசனத்தைப் படிச்சிட்டு ஒரு ஆபீஸ் லெட்டர்ல ஹிதர்டூவைப் பார்த்தீங்கன்னா அந்தச் சொல் எவ்ளோ தூரம் வந்திருக்குன்னு புரியும்.

கேள்வி: ஐஈஎல்டிஎஸ் எழுதப் போறேன், இதையெல்லாம் யூஸ் பண்ணலாமா?

பதில்: ஹிதர், விதர் எல்லாம் வேண்டாம், செயற்கையா தெரியும். ஹென்ஸ் தாராளமா போடுங்க, அதுக்கு இப்ப "அதனால"ன்னும் அர்த்தம், "ஹென்ஸ் த நேம்"னு (அதனாலதான் இந்தப் பேர்) வினைச்சொல் இல்லாமலே நிக்கும். "டென் இயர்ஸ் ஹென்ஸ்"னா இன்னும் 10 வருஷம் கழிச்சுன்னு அர்த்தம், அதை "10 வருஷம் முன்னாடி"ன்னு எடுத்துக்காதீங்க.