மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நம் ரத்தத்தையே எடுத்து வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. அடுத்த மாதம் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். ஹீமோகுளோபின் 11.2 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஏற்றிக்கொள்ள மனசு ஒப்பவில்லை. நம் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைத்து நமக்கே ஏற்றுவார்களாமே, நானும் கொடுத்து வைக்கட்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அப்படி ஒரு முறை உண்டு. உங்களுக்கு அது வேண்டாம்.

1980களில் எய்ட்ஸ் பயம் பரவியபோது மேல்நாடுகளில் சூடுபிடித்த வழக்கம் இது. எடுத்த ரத்தத்தைக் குளிர்பதனத்தில் சுமார் 35 நாள் வைத்திருக்கலாம். ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னதாகவே எடுத்து முடித்துவிட வேண்டும். சிக்கல் எங்கே என்றால், ஒரு பை, அதாவது 350 மில்லி எடுத்தாலே ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் இறங்கிவிடும், உங்கள் 11.2 பத்துப் பக்கம் வந்து நிற்கும், ஒரு மாதத்துக்குள் அது பழையபடி ஏறிவிடும் என்று நம்பி இருக்க முடியாது, அப்புறம் ஆபரேஷனில் சாதாரணமாகப் போகிற ரத்தத்துக்கே ஏற்ற வேண்டிய நிலை வந்துவிடும். தேவைப்படாவிட்டாலோ, அந்தப் பையைப் பெரும்பாலும் கொட்டத்தான் செய்வார்கள். சொந்த ரத்தம் என்பதால் ஆபத்தே கிடையாது என்பதும் சரியில்லை. பை மாறிப்போகலாம், கிருமி சேரலாம்.

இப்போது டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மருந்து கொடுத்து ரத்தப்போக்கைக் குறைக்கிறார்கள். ஒரு முழங்கால் மட்டும் என்றால் பலருக்கு ரத்தம் ஏற்றவே தேவைப்படுவதில்லை.

அதனால் ஹீமோகுளோபின் ஏன் 11.2 ஆகக் குறைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். மூட்டு வலிக்கு வருஷக்கணக்கில் வலி மாத்திரை போட்டவர்களுக்கு வயிற்றில் புண்ணாகி, தெரியாமலே ரத்தம் கசிவதுண்டு. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் காபி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள் (அந்த மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதற்காகப் பதற வேண்டாம்). நாள் போதாது என்றால் இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றலாம், ஆபரேஷனையே சில வாரம் தள்ளியும் வைக்கலாம், முழங்கால் ஒன்றும் ஓடிவிடாது! ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பொருத்தமான ரத்தம் கிடைப்பதே அரிது என்கிறவர்கள் கதை வேறு. 1952இல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே குரூப் என்ற அரிய ரத்த வகைக்காரர்களுக்கு, மற்ற வகையினருக்குப் பொதுவாக ஏற்றக்கூடிய ஓ குரூப் ரத்தம்கூடச் சேராது; அவர்களுக்குச் சொந்த ரத்தத்தை எடுத்து வைப்பது நியாயம். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி ஏதாவது இருந்தால் மறுபடி எழுதுங்கள்.