முதல் பேஸும் ஓர் அப்பாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு 12 வயது. டர்பனில் பேஸ்பால் ஆடுகிறான். போன மாத டோர்னமெண்டில், கடைசி இன்னிங்ஸில், பந்தை அடித்துவிட்டு ஓடி, அவன் முதல் பேஸை (அடித்தவன் முதலில் தொட வேண்டிய இடம்) மிதித்த பிறகுதான் பந்து அங்கே நின்ற எதிரணிப் பையனின் கைக்கு வந்தது. அவுட் என்றுவிட்டார் அம்பயர். அவர் எதிரணிப் பையன் ஒருவனின் அப்பா. பெற்றோர் எல்லோரும் கத்தினோம், அசையவே இல்லை. விதி தெரியாத ஆளை ஏன் நிறுத்துகிறார்கள்?

ஒரு தகப்பன், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். தன் பிள்ளை ஆடும் ஆட்டத்துக்குத் தகப்பன் அம்பயராக நிற்கக் கூடாது. எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும், பையனுக்கும் தர்மசங்கடம். இதை ஏற்பாட்டாளர்களிடம் நேராகவே சொல்லுங்கள்.

மற்றப் பாதியில் நான் உங்கள் பக்கம் இல்லை. முதல் பேஸில் அம்பயரின் கண் பேஸின் மேலும் ஓடிவருபவனின் காலின் மேலும் இருக்கும். பந்து கையுறையில் விழுவதைக் காதால்தான் பிடிப்பார். கால் முந்தினால் சேஃப், அதாவது தப்பித்தான்; சத்தம் முந்தினால் அவுட். வேலியோரம் நின்று எல்லோரும் கத்தினால் அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும்? அதுவும் ஒரே அம்பயர் என்றால், டர்பன் வெயிலில் மாஸ்க்கும் மார்புக்கவசமும் மாட்டிக்கொண்டு அடிப்பவன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பந்துக்கும் ஸ்ட்ரைக்கா (அடிக்கத் தக்க பந்து) பாலா (அடிக்கத் தகாத பந்து) என்று சொல்ல வேண்டும், அடித்ததும் முதல் பேஸைப் பார்க்க ஓட வேண்டும்.

அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் இதே வேலைக்குச் சம்பளம் வாங்கும் நான்கு பேர். அவர்களுக்கும் தப்பும். 2010 ஜூனில் டெட்ராய்ட் அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) அர்மாண்டோ கலராகா ஒருவரையும் பேஸ் ஏறவிடாமல் 26 பேரை அவுட்டாக்கியிருந்தார். ஆட்டம் முடிய இன்னும் ஒருவர்தான் பாக்கி. அந்த 27ஆவது ஆளும் அவுட்தான். முதல் பேஸில் நின்ற அம்பயர் ஜிம் ஜாய்ஸ், 20 வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர், சேஃப் என்றார். வீடியோவைப் பார்த்ததும் கலராகாவிடமே மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் ஜாய்ஸிடம் அணிப்பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகா. ஜாய்ஸ் அழுதுவிட்டார்.

அப்புறம், அவர் அசையவில்லை என்கிறீர்கள். அசையக் கூடாது. அவுட்டா சேஃபா என்பது கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. அதை எதிர்த்து வாதாட விதியிலேயே இடமில்லை. விதியைத் தப்பாகப் பயன்படுத்தினால் மட்டும்தான் கோச் போய்க் கேட்கலாம். விதி தெரியாதவர் என்று அவரைச் சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கும் சிறுவர் பேஸ்பால் போட்டியான லிட்டில் லீக் உலகத் தொடரிலேயே அம்பயர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்தான். காவடித் திருவிழா அன்று கோயில் சமையலறையில் காலையிலிருந்து நிற்கிறவர்களிடம் உப்புக் குறைந்தது என்று போய்க் கத்துவோமா?

ஏற்பாட்டாளர்களிடம் பேசும்போது இன்னொன்றும் சொல்லுங்கள்: உங்கள் மகன் ஆடாத ஆட்டங்களில் பேஸ் அம்பயராக நிற்க நீங்கள் தயார் என்று. அதற்கு மாஸ்க்கூட வேண்டாம். விதிப்புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டாவது ஆள் ஒருவர் இருந்தாலே, முதல் பேஸில் தீர்ப்புச் சொல்ல பிளேட்டில் நிற்பவர் ஓட வேண்டியதில்லை.