டிரேக் சமன்பாட்டில் வரும் 'எல்' என்பது என்ன? சுற்றுச்சூழல் சீரழிவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஒரு நாகரிகம், வெளியே இருப்பவர்கள் கண்டறியக்கூடிய சிக்னலை எத்தனை ஆண்டுகள் அனுப்பிக்கொண்டிருக்கும் என்ற கால அளவுதான் 'எல்'. நம் பால்வெளியில் தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்கள் எத்தனை இருக்கலாம் என்று கணிக்க, அமெரிக்க வானியலாளர் பிராங்க் டிரேக் 1961இல் முன்வைத்த சமன்பாட்டின் ஏழாவது, கடைசிக் காரணி அது.

அது ஏன் முக்கியம்? தூரம்தான் காரணம். 1974இல் புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்தை நோக்கி 1,679 பிட் (0 அல்லது 1 என்ற குறிகள்) கொண்ட செய்தி ஒன்று அனுப்பப்பட்டது. அந்த எண் 23, 73 என்ற இரு பகா எண்களின் பெருக்கல். பிட்களை அந்த அளவில் கட்டம் கட்டமாக அடுக்கினால் படம் தெரியும். சரி, புதிரை அவிழ்க்க வழி சொல்லியாயிற்று. ஆனால் செய்தி போய்ச்சேரவே சுமார் 25,000 ஆண்டுகள் ஆகும். பதில் வர இன்னும் அவ்வளவு. அதைப் படிக்க இங்கே ஆள் இருக்க வேண்டுமே!

இருட்டுத் தோப்பில் இரண்டு மின்மினிகள் இரவுக்கு ஒரே ஒரு தடவை மின்னுகின்றன என்று வையுங்கள். ஒன்றையொன்று பார்ப்பது மிக அரிது. 'எல்' சிறியதாக இருந்தால் நாகரிகங்களின் கதையும் அதுதான்.

நாம் வானொலி அலைகளைப் பயன்படுத்தத் தொடங்கி நூறாண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்குள் காற்றில் கரியமில வாயு, ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கிய 1958இல் பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்தது, 420ஐத் தாண்டிவிட்டது. தொலைநோக்கி கட்டும் வசதியைத் தந்த நிலக்கரியும் எண்ணெயும்தான் பூமியையும் சூடாக்குகின்றன. இந்தச் சீரழிவு முற்றினால் நம் 'எல்' சுருங்கிவிடலாம். எனக்கு இதுதான் பெரிய கவலை.

'எல்' சிறியது என்றாலே மனித இனம் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, மனிதர்கள் பிழைத்திருந்தும் சிக்னல் அனுப்பும் வசதி போய்விட்டால் 'எல்' அங்கேயே முடிந்துவிடும்.